ஃப்ரட்டர்னிட்டி வீடு: ஒளியவும் வேண்டும், ஊருக்குத் தெரியவும் வேண்டும்

அமெரிக்கப் பல்கலைக்கழக ஊர்களில் வளாகத்தை ஒட்டிய ஏதாவது ஒரு தெருவில் பெரிய பெரிய வீடுகள் வரிசையாக நிற்கும். வெள்ளைத் தூண்கள், அகலமான முன்தாழ்வாரம், ஒழுங்காக வெட்டிய புல்தரை. யாரோ பணக்காரர் குடும்பம் வாழும் மாளிகை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வாசலுக்கு மேலே இரண்டோ மூன்றோ கிரேக்க எழுத்துகள் இருக்கும். உள்ளே குடியிருப்பவர்கள் முப்பது, நாற்பது கல்லூரி மாணவர்கள். இதுதான் ஃப்ரட்டர்னிட்டி வீடு.

லத்தீனில் 'ஃப்ராத்தர்' என்றால் சகோதரன். அதிலிருந்து வந்ததுதான் ஃப்ரட்டர்னிட்டி. மாணவர்கள் தாங்களே ஒருவரை ஒருவர் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ளும் சகோதர சங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே சங்கத்துக்குப் பல பல்கலைக்கழகங்களில் கிளை இருக்கும். அந்தக் கிளைக்குப் பெயர் சாப்டர். சாப்டர் ஒன்று குடியிருக்கவும், கூட்டம் போடவும், விருந்து வைக்கவும் வைத்திருக்கும் கட்டடமே அதன் வீடு. ஹாஸ்டலிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? ஹாஸ்டல் கல்லூரியுடையது. இந்த வீடு பெரும்பாலும் கல்லூரியுடையது அல்ல. படித்து முடித்துப் போன பழைய உறுப்பினர்கள் 'ஹவுஸ் கார்ப்பரேஷன்' என்று ஓர் அமைப்பை வைத்து, வீட்டைச் சொந்தமாக வாங்கி, இப்போது படிக்கும் மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். யார் வீடு, யார் பொறுப்பு என்ற கேள்வி இந்தக் கட்டடங்களின் கதை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். அதனால் இதை இப்போதே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

வாசலில் கிரேக்க எழுத்து இருந்தாலும், இந்தச் சங்கங்களுக்கும் கிரீஸ் நாட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க் ஊரில், வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் சிலர் ரகசிய சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 'தத்துவமே வாழ்வின் வழிகாட்டி' என்று பொருள்படும் கிரேக்க வாசகத்தின் முதலெழுத்துகளை எடுத்துப் பெயராக வைத்தார்கள்: ஃபை பீட்டா கப்பா. அன்று படித்தவர்கள் எல்லோரும் கிரேக்கமும் லத்தீனும் கற்ற காலம். வாசகம் ரகசியம், எழுத்து மட்டும் வெளியே தெரியும். அந்தச் சங்கம் பின்னாளில் நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாக மாறிவிட்டது. இன்று நாம் ஃப்ரட்டர்னிட்டி என்று சொல்லும் வகை, நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825-ல் தொடங்கிய கப்பா ஆல்ஃபா, 1827-ல் தொடங்கிய சிக்மா ஃபை, டெல்டா ஃபை ஆகிய மூன்றிலிருந்து வளர்ந்தது.

சரி, சங்கம் வந்துவிட்டது. வீடு எப்போது வந்தது?

ரொம்ப நாள் வரவில்லை. ஆரம்பத்தில் உறுப்பினர்கள் யாராவது ஒருவரின் அறையிலோ, கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த மாடி அறையிலோ கூடினார்கள். பல கல்லூரிகளில் இந்தச் சங்கங்களுக்குத் தடை இருந்தது. ஆசிரியர்கள் பெரும்பாலும் மத போதகர்கள். தங்களுக்குத் தெரியாமல் மாணவர்கள் சத்தியம் செய்து, கதவைச் சாத்திக்கொண்டு கூடுவதை அவர்களால் ஏற்க முடியவில்லை.

முதல் ஃப்ரட்டர்னிட்டி வீடு என்று பொதுவாகச் சொல்லப்படுவது இந்தத் தடையின் பிள்ளை. 1846-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கை சை என்ற சங்கத்தின் மாணவர்கள் ஆன் ஆர்பர் ஊருக்கு வெளியே காட்டுக்குள் மரக்கட்டைகளை அடுக்கி ஒரு குடில் கட்டினார்கள். சுமார் 20 அடிக்கு 14 அடி, அவ்வளவுதான். நம் ஊரில் ஒரு ஹால் அளவு. யாரும் அங்கே குடியிருக்கவில்லை. ஆசிரியர்களின் கண்ணில் படாமல் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. விஷயம் மறைந்து கிடக்கவில்லை. மிச்சிகனில் நிர்வாகத்துக்கும் சங்கங்களுக்கும் மோதல் முற்றி, 1849-ன் கடைசியில் உறுப்பினர்களைக் கல்லூரியிலிருந்தே நீக்கினார்கள். ஊர் மக்கள் தலையிட்டதும் அடுத்த ஆண்டே நிர்வாகம் இறங்கி வந்தது. அந்தக் குடிலின் நினைவாகத்தானோ என்னவோ, கை சை சங்கத்தார் இன்றைக்கும் தங்கள் மாளிகைகளைக்கூட 'லாட்ஜ்' என்றே சொல்கிறார்கள்.

ஃப்ரட்டர்னிட்டி கட்டடக்கலையின் முதல் குணம் இது: மறைப்பு. அதன் உச்சத்தைப் பார்க்க யேல் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். (நம் சென்னை ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் கொடுத்த நன்கொடைக்காகப் பெயர் பெற்ற அதே யேல்தான்.) அங்கே இறுதியாண்டு மாணவர்களின் ரகசிய சங்கங்கள் கட்டிய மன்றங்களை ஊரே 'கல்லறை' என்றுதான் அழைக்கிறது. 1856-ல் கட்டிய ஸ்கல் அண்ட் போன்ஸ் மன்றம் பழுப்புக் கல்லால் ஆனது. தெருவைப் பார்த்த சுவரில் ஜன்னல் என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. ஸ்க்ரோல் அண்ட் கீ என்ற இன்னொரு சங்கத்தின் மன்றத்தை மூரிஷ் பாணியில், அதாவது ஸ்பெயின், வட ஆப்பிரிக்க இஸ்லாமியக் கட்டடங்களின் பாணியில், வரைந்து கொடுத்தவர் ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட். சுதந்திர தேவி சிலை நிற்கும் பீடத்தை வடிவமைத்தவரும் அவர்தான். இவை முழு அர்த்தத்தில் ஃப்ரட்டர்னிட்டி வீடுகள் அல்ல. யாரும் அங்கே குடியிருப்பதில்லை. ஆனால் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ரகசியத்தைக் காக்க நினைத்தவர்கள் அதை நகரின் நடுத்தெருவில், பிரபலக் கட்டடக்கலைஞரை வைத்து, கல்லில் எழுப்பினார்கள். தன்னை மறைக்க வேண்டும், மறைக்கிறேன் என்பது எல்லோருக்கும் தெரியவும் வேண்டும். மிச்சிகனில் டெல்டா கப்பா எப்ஸிலன் சங்கம் 1870களின் இறுதியில் கட்டிய 'ஷான்ட்' என்ற செங்கல் மன்றமும் இந்த ரகம். அதை வரைந்த வில்லியம் லெ பாரன் ஜென்னி சில ஆண்டுகளில் சிகாகோவில் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை எழுப்பினார். உலகின் முதல் வானுயர் கட்டடம் என்று பலரும் சொல்வது அதைத்தான்.

கூடும் இடம் குடியிருக்கும் இடமாக மாறியது படுக்கைப் பற்றாக்குறையால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஹாஸ்டல் கட்டப் பணம் இல்லை, சிலவற்றுக்கு மனமும் இல்லை. மிச்சிகனின் தலைவராக 1852-ல் வந்த ஹென்றி டாப்பன் ஜெர்மன் பல்கலைக்கழகங்களைப் பார்த்து வியந்தவர். மாணவன் ஊருக்குள் தங்கிக்கொள்ளட்டும், பல்கலைக்கழகத்தின் வேலை பாடம் நடத்துவது என்பது அவர் கொள்கை. இருந்த தங்கும் அறைகளையும் வகுப்பறைகளாக்கினார்.

1868-ல் இத்தாக்கா ஊர் மலைமேல் திறந்த கார்னெல் பல்கலைக்கழகத்தில் இந்த எண்ணம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் முதல் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட், யேலில் படித்த காலத்தில் தானே ஒரு ஃப்ரட்டர்னிட்டியில் இருந்தவர். மற்ற தலைவர்கள் சங்கங்களை விரட்டிக்கொண்டிருந்தபோது அவர் வீடு கட்டுங்கள் என்று ஊக்குவித்தார். அவருடைய வாதம் எளிமையானது. சொந்த வீடு என்றால் மாணவர்கள் அதைப் பாழாக்க மாட்டார்கள். மூத்தவர்கள் இளையவர்களைக் கவனித்துக்கொள்வார்கள். பழைய மாணவர்கள் வந்து போவதால் ஒரு கண்ணும் இருக்கும். அந்த நம்பிக்கை பாதி பலித்தது என்பது என் கருத்து. பலிக்காத பாதியைப் பிறகு பார்ப்போம்.

இத்தாக்காவில் கொஞ்ச நேரம் நிற்கலாம். வீட்டின் கதை அங்கே நன்றாகத் தெரிகிறது.

பல்கலைக்கழகத்தை நிறுவிய எஸ்ரா கார்னெல் தந்தித் தொழிலில் சம்பாதித்தவர். 1867-லிருந்து தனக்காக உள்ளூர்க் கல்லில் ஒரு கோதிக் மாளிகை கட்டத் தொடங்கினார். கூரான முகடுகள், செதுக்கிய கல் வேலை. அது முடியும் முன்பே, 1874 டிசம்பரில், அவர் இறந்துவிட்டார். குடும்பம் சில காலம் வாழ்ந்தது. 1911-ல் டெல்டா ஃபை சங்கம் அதை வாங்கியது. மாளிகையின் பெயர் 'லென்ராக்'. கார்னெல் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் வருவது அது.

இன்னொரு மாளிகையின் கதை இதைவிடத் துயரமானது. மரவணிகரின் மகளான ஜென்னி மெக்ரா, இத்தாக்காவில் வில்லியம் ஹென்றி மில்லர் என்ற கட்டடக்கலைஞரை வைத்து ஒரு பெரிய வீடு கட்டினார். கார்னெலில் கட்டடக்கலை படித்த முதல் மாணவர் இந்த மில்லர். வீட்டுக்காக ஐரோப்பாவில் ஓவியமும் சிற்பமும் வாங்கிச் சேர்த்தார் ஜென்னி. 1881-ல் காசநோய் அவரைக் கொண்டுபோனது. அந்த வீட்டில் ஒருநாள்கூட அவர் வாழவில்லை. 1896-ல் அது கை சை சங்கத்தின் கைக்கு வந்தது. ஐம்பது ஆண்டுக்கு முன்னால் காட்டுக்குள் கட்டைக் குடில் கட்டிய அதே சங்கம்தான். 1906 டிசம்பர் 7 விடிவதற்கு முன் வீடு தீப்பிடித்தது. நான்கு மாணவர்களும், தீயணைக்க வந்த தன்னார்வலர் மூவரும் இறந்தார்கள்.

அதற்கு மூன்று நாள் முன்பு, டிசம்பர் 4 அன்று, அதே ஊரில் இன்னொன்று நடந்தது. கார்னெலில் படித்த கறுப்பின மாணவர்கள் ஏழு பேர் சேர்ந்து ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். கறுப்பின மாணவர்களுக்காகப் பல கல்லூரிகளில் பரவி நிலைத்த முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் அது. பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங் அதில் உறுப்பினர். அவர்களுக்கு மாளிகை கிடையாது. ஊருக்குள் கறுப்பினக் குடும்பங்களின் வீட்டு முன்னறைகளில் கூடினார்கள். வெள்ளையர் சங்கங்களின் வீடுகளுக்குள் ஒரு கறுப்பின மாணவன் போக முடிந்தது பெரும்பாலும் சாப்பாடு பரிமாறத்தான். ஃப்ரட்டர்னிட்டி வீடுகளின் அழகைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூன்று நாள் இடைவெளிதான் நினைவுக்கு வரும். அந்தத் தூண்களும் தாழ்வாரங்களும் ஒரு கூட்டத்தை வரவேற்கக் கட்டியவை. இன்னொரு கூட்டத்தை வெளியே நிறுத்தவும் அவையே பயன்பட்டன. யூத மாணவர்களும் இப்படித்தான் ஒதுக்கப்பட்டுத் தங்கள் சொந்தச் சங்கங்களைத் தொடங்கினார்கள்.

பெண்களுக்கும் தனிச் சங்கங்கள் உண்டு. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி, சகோதரி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 'சொரோரிட்டி' என்ற பெயரை உருவாக்கினார். அதே சிரக்யூஸில் ஆல்ஃபா ஃபை சங்கத்துப் பெண்கள் 1886-ல் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டார்கள். பெண்கள் சங்கம் ஒன்று தனக்கென்று கட்டிய முதல் வீடு அதுதான் என்று சொல்வார்கள்.

இனி உள்ளே போவோம். நல்ல காலத்தில் கட்டிய ஒரு வீட்டின் அமைப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும். முன்வாசலைத் தாண்டியதும் அகலமான கூடம், நடுவில் எல்லோரும் பார்க்கும்படி மாடிப்படி. ஒரு பக்கம் பெரிய கணப்பு அடுப்பு வைத்த வரவேற்பறை, இன்னொரு பக்கம் நூலகம். பின்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரும் உணவறை, அதற்குப் பின்னால் சமையலறை. சுவர் நெடுக ஒவ்வோர் ஆண்டு உறுப்பினர்களின் சின்னச் சின்னப் படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிய சட்டங்கள். கீழ்த்தளம் முழுக்க விருந்தாளி பார்ப்பதற்கு. மேலே மாணவர்களின் அறைகள். இதுவரை பெரிய குடும்பம் ஒன்றின் வீடு மாதிரிதான். ஆனால் எங்காவது ஓர் அறை, அடித்தளத்திலோ உச்சி மாடியிலோ, விருந்தாளிக்குக் காட்டப்படாமல் இருக்கும். அது சாப்டர் அறை. கூட்டமும் சடங்கும் அங்கே. 1846-ன் அந்தக் காட்டுக் குடில் அழியவில்லை, மாளிகைக்குள் ஓர் அறையாகக் குடிபுகுந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு வினோதமான இடம் 'ஸ்லீப்பிங் போர்ச்'. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்காத காலத்தில், குளிர்ந்த சுத்தமான காற்றில் தூங்குவது உடம்புக்கு நல்லது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளில் மாடியில் திறந்த படுக்கைத் தாழ்வாரம் கட்டுவது வழக்கமானது. ஃப்ரட்டர்னிட்டிகள் இதைப் பிடித்துக்கொண்டன. மேல் மாடியில் ஒரே பெரிய கூடம், அதில் இரண்டடுக்குக் கட்டில்கள் வரிசையாக, பனிக்காலத்திலும் ஜன்னல் திறந்தபடி. மற்ற அறைகள் படிக்க மட்டும். ஆரோக்கியம் ஒரு காரணம் என்றால், குறைந்த இடத்தில் நிறையப் பேரைத் தூங்க வைக்கலாம் என்பது இன்னொரு காரணம். படிப்பவன் விளக்கைப் போட்டால் தூங்குபவன் கெடுவதில்லை என்ற வசதியும் இருந்தது. சில ஊர்களில் இப்படிப்பட்ட பொதுப் படுக்கைக் கூடங்கள் இன்றும் இருக்கின்றன.

இந்தப் படுக்கைத் தாழ்வாரத்தின் மிக அழகான உதாரணம் ஃப்ரட்டர்னிட்டிக்காகக் கட்டியதே அல்ல. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் ஹெரால்டு பிராட்லி என்ற பேராசிரியருக்கும் அவர் மனைவிக்கும், மனைவியின் தந்தை திருமணப் பரிசாக ஒரு வீடு கட்டித் தர முன்வந்தார். வரைந்தவர் லூயி சல்லிவன். சிகாகோவின் உயரக் கட்டடங்களுக்குப் பேர்போன அவர் தனி வீடுகள் வரைந்தது மிகக் குறைவு. உடன் இருந்தவர் ஜார்ஜ் எல்ம்ஸ்லி. 1910 வாக்கில் கட்டி முடித்த அந்த வீட்டின் மாடித் தாழ்வாரங்கள் கீழே தூண் இல்லாமல் சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கும். உள்ளே எஃகு உத்திரம், வெளியே செதுக்கிய மரவேலை. ஆனால் ஓர் இளம் குடும்பத்துக்கு அது ரொம்பப் பெரிய வீடு. சில ஆண்டுகளில் பிராட்லி குடும்பம் எல்ம்ஸ்லியையே வைத்துச் சிறிய வீடு கட்டிக்கொண்டு போய்விட்டது. 1915-ல் சிக்மா ஃபை சங்கம் இதை வாங்கியது. குடும்பத்துக்குப் பொருந்தாத அளவு மாணவர் கூட்டத்துக்குச் சரியாகப் பொருந்தியது. 1972-ல் தீப்பிடித்துப் பெரிய சேதம். இடித்துவிடாமல் சீரமைத்தார்கள். 1976-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது.

பழைய மாளிகை கிடைக்காதவர்கள் புதிதாகக் கட்டினார்கள். முதல் உலகப்போருக்குப் பின் கல்லூரியில் சேர்பவர்களின் எண்ணிக்கை கூடியது, 1920களில் கட்டுமானம் வேகமெடுத்தது. இல்லினாய் பல்கலைக்கழகம் இருக்கும் அர்பானா-ஷாம்பெய்ன் தெருக்களில் இதன் முழு அணிவகுப்பையும் பார்க்கலாம். செங்கல் சுவரும் வெள்ளை ஜன்னலுமாக ஜார்ஜியன் பாணி, கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சுமாக டியூடர் பாணி, தெற்கு மாநிலங்களின் தோட்ட மாளிகைகளை நினைவூட்டும் தூண் வரிசை. எல்லாமே அன்றைக்கே பழைய பாணிகள். நேற்றுத் தொடங்கிய சங்கம்கூட நூறு ஆண்டு பழமை உடையதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை அது. அடமானக் கடனில் எழுந்த வீடுகள் பல 1929-க்குப் பிறகு வந்த பொருளாதார வீழ்ச்சியில் கைமாறிப் போயின. இரண்டாம் உலகப்போரில் மாணவர்கள் படைக்குப் போக, பல வீடுகளில் ராணுவப் பயிற்சியாளர்கள் தங்கினார்கள்.

இப்போது ஒயிட்டின் நம்பிக்கையில் பலிக்காத பாதி. மாணவர்களே பார்த்துக்கொள்ளும் வீடு என்பது, பார்க்கப் பெரியவர் இல்லாத வீடாகவும் ஆகும். 1934 பிப்ரவரியில் டார்ட்மத் கல்லூரியின் தீட்டா கை வீட்டில் நிலக்கரி உலையின் புகைக்குழாய் விலகி, கார்பன் மோனாக்சைடு பரவி, தூங்கிக்கொண்டிருந்த ஒன்பது மாணவர்கள் இறந்தார்கள். 1996 மே 12, வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் பட்டமளிப்பு நாளின் அதிகாலை. ஃபை காமா டெல்டா வீட்டில் தீப்பிடித்து ஐந்து மாணவர்கள் மாண்டார்கள். அந்த வீட்டில் தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் இல்லை. நடுவில் திறந்த மாடிப்படி, மரத் தளங்கள், நிறையப் பேர், பின்னிரவு: அழகுக்காக வைத்த அந்தப் படிக்கட்டே புகை ஏறும் வழியாகிவிடும். அதன் பிறகு அந்த ஊர் ஃப்ரட்டர்னிட்டி, சொரோரிட்டி வீடுகள் அனைத்திலும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் என்று சட்டம் போட்டது.

தீயைத் தடுக்கக் குழாய் பதிக்கலாம். சாத்திய கதவுக்குப் பின்னால் நடக்கும் ஹேஸிங், அதாவது நாம் ராகிங் என்று சொல்வது, அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. 2017-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃப்ரட்டர்னிட்டி வீடு ஒன்றில், புதிதாகச் சேர வந்த மாணவர் ஒருவருக்கு அளவுக்கு மீறி மது கொடுத்தார்கள். படியில் விழுந்து அடிபட்டுக் கிடந்தவருக்குப் பல மணி நேரம் யாரும் உதவி அழைக்கவில்லை. அவர் இறந்தார். அந்த மாநிலம் அடுத்த ஆண்டு கடுமையான சட்டம் கொண்டுவந்தது. 2024 டிசம்பரில் நாடு முழுமைக்கும், கல்லூரிகள் இத்தகைய சம்பவங்களைக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் வந்தது. ஜன்னலில்லாத சுவரின் மர்மத்தை ரசிக்கிற நான், இதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

சில கல்லூரிகள் மொத்தமாகவே கைவிட்டன. வில்லியம்ஸ் கல்லூரி 1962-ல் இருந்து படிப்படியாக ஃப்ரட்டர்னிட்டிகளை விலக்கியது. ஆம்ஹர்ஸ்ட், கோல்பி கல்லூரிகள் 1984-ல் அதே முடிவுக்கு வந்தன. சங்கம் போனாலும் கட்டடம் போவதில்லை. கல்லூரிகள் அவற்றை எடுத்து விடுதியாகவும் அலுவலகமாகவும் மாற்றிக்கொண்டன.

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் அப்படி வேறு வாழ்வு பெற்ற ஒரு வீடு உண்டு. 1893-ல் எர்னஸ்ட் காக்ஸ்ஹெட் என்ற ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் பீட்டா தீட்டா பை சங்கத்துக்கு வரைந்தது. தூண் வைத்து மிரட்டாமல், ஒரே கட்டடத்தைப் பல துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கூரையும் தனிச் சுவர்ப் பூச்சும் கொடுத்தார். தெருவிலிருந்து பார்த்தால் பழைய இங்கிலாந்துக் கிராமத்தில் நாலைந்து வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பது போல இருக்கும். இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்த வீடு இதுதான். சங்கம் எப்போதோ வெளியேறிவிட்டது. இப்போது அங்கே கோல்டுமன் பொதுக்கொள்கைப் பள்ளி இயங்குகிறது.